யார் இட்ட முதல்?

இல்லறத்தைப் பாடாத இலக்கியம் தமிழில் இல்லை. உழைப்பைப் போற்றாத இலக்கியமும் இல்லை. எனினும், ஒரே கூரையின்கீழ் வாழும் இருவருக்கும் தனித்தனியே தொழில் இருந்து, அவ்விரு தொழில்களும் ஒன்றையொன்று நெருக்கும்போது அந்த இல்லத்தில் என்ன நிகழ்கிறது என்பதை நின்று நிதானித்துச் சொன்ன எழுத்து நம்மிடம் எவ்வளவு உண்டு? யாருடைய வேலைக்காக யார் ஊர் மாறுவது, யாருடைய நகை யாருடைய தொழிலுக்கு முதலாவது, மனைவியின் கூலி கணவனின் கூலியை மிஞ்சும் வாரத்தில் வீட்டுப் பேச்சு எவ்வாறு மாறுகிறது என்பன சிறு செய்திகள் அல்ல. நம் குடும்பங்கள் பலவற்றில் மனக்கசப்புக்கு வித்திடுவன இவையே. ஆகவே, இவற்றைப் பற்றி நம் கதைகள் எதைச் சொல்லியிருக்கின்றன, எதைச் சொல்லாது விட்டிருக்கின்றன என்று ஆராய்வது இலக்கியப் பணி மட்டுமன்று, இல்லறப் பணியுமாகும்.

இந்த ஆராய்ச்சிக்குத் திருப்பூரை நாம் உரைகல்லாகக் கொள்கிறோம். காரணத்தை முதலில் கூறிவிடுவோம்.

உரைகல்லாகிய ஊர்

நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூர், தனி மாவட்டமானது 2009ஆம் ஆண்டில்தான். ஆனால் பின்னலாடைத் தொழிலில் அதன் வயது ஒரு நூற்றாண்டு. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பார் தொடங்கிய கூடமே இவ்வூரின் முதற் பின்னலாடைக் கூடம் என்று தொழில் வரலாறு கூறும். நம் சமுதாயத்தார் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி இது. உள்நாட்டுப் பனியனில் வளர்ந்த தொழில், 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர் வரத் தொடங்கியபின் ஏற்றுமதித் தொழிலாகப் பெருகிற்று. 1984இல் பஞ்சப்படி கோரித் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றிற்று. இவையெல்லாம் ஊரார் அறிந்தவை.

ஊரார் அறிந்தும் எழுதாத மாற்றம் வேறொன்று உண்டு. முற்காலத்துக் கூடங்களில் துணி வெட்டும் மேசையும் தையற்பொறியும் இஸ்திரிப் பெட்டியும் ஆடவர்க்குரியன. பிசிறு வெட்டுதல், கைமடி, செக்கிங் ஆகியவை பெண்டிர்க்குரியன. கூலி வேற்றுமையும் இந்த இட வேற்றுமையோடு பிணைந்திருந்தது. கணவன் டைலர், மனைவி கைமடி என்றால், யார் வருமானம் பெரிது என்னும் வினாவே அந்த வீட்டில் எழாது. ஏற்றுமதி பெருகப் பெருக, பெண்களும் ஓவர்லாக் பொறிக்கும் சிங்கர் பொறிக்கும் வந்தமர்ந்தனர். இன்று கணவனும் மனைவியும் ஒரே கூடத்தில், சில வேளை ஒரே வரிசையில், பீஸ் ரேட்டுக்குத் தைக்கின்றனர். பீஸ் ரேட்டில் கையின் வேகம் மறைவதில்லை. சனிக்கிழமை மாலை இரண்டு சம்பளக் கவர்கள் ஒரே வீட்டுக்குள் நுழைகின்றன. எந்தக் கவர் கனமானது என்பது எண்ணிப் பாராமலே தெரிந்துவிடுகிறது.

வினாக்களும் உடன் வருகின்றன. ஏற்றுமதித் தேதி நெருங்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைய கூலியை இழப்பது யார்? இரண்டு பொறி வாங்கித் தனியே ஜாப் ஒர்க் எடுக்க வேண்டுமாயின் அடகு வைக்கப்படுவது யாருடைய வளையல்? கூடம் மூடினால் சொந்த ஊருக்குத் திரும்பும் முடிவை எடுப்பது யார்? திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கங்களிலிருந்து குடிவந்த குடும்பங்களில் ஆண்டுதோறும் இவ்வினாக்கள் எழுகின்றன. அவர்களுள் நம்மவர்களும் உளர். வினா வாழ்க்கையில் இருக்கிறது. அதற்கான கதை நூலில் உண்டா?

காப்பியத்தில் ஒரு தொழில் முடிவு

சிலப்பதிகாரத்தை நாம் கற்பின் காப்பியம் என்றும் ஊழின் காப்பியம் என்றும் கற்பிக்கிறோம். அது ஒரு தொழில் முடிவின் காப்பியமுமாகும் என்பதைக் கற்பிப்பதில்லை. பொருளனைத்தும் தொலைத்து வீடு திரும்புகிறான் கோவலன். அவன் முகவாட்டத்தைப் பொருள் முட்டுப்பாடு எனக் கொண்ட கண்ணகி, தன் சிலம்புகள் உள்ளன என்கிறாள். அவன் அச்சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து இழந்த பொருளை மீட்கப் போவதாகக் கூறி, உடனே அவளை எழச் சொல்கிறான். பொழுது புலரும் முன்னரே இருவரும் ஊரை விட்டு நீங்குகின்றனர்.

இங்கே திறனாய்வாளன் கேட்கவேண்டியன மூன்று. முதல் யாருடையது? கண்ணகியுடையது. ஊர் மாறும் முடிவு யாருடையது? கோவலனுடையது. இரண்டிற்குமிடையே கலந்தாலோசனை எங்கே? இல்லை. பெற்றோரிடம் சொல்லவில்லை, பழகிய வணிகரிடம் கேட்கவில்லை, முதலுக்குரியவளின் கருத்தையும் வினவவில்லை. பின்னர் மதுரைப் புறத்தே மாதரியின் மனையில், கொலைக்களக் காதையில், கோவலனே இதை நினைந்து வருந்துகிறான். தான் எழுக என்றதும் எழுந்துவிட்டாளே என்று மறுகுகிறான். இளங்கோவடிகளின் நுட்பம் இவ்விடத்தில்தான் உள்ளது. முடிவு எடுக்கும்போது பேசாத பேச்சை, முடிவு முற்றிய பின் பேச வைத்தார். காலங்கடந்த ஆலோசனை அது. கணவன் சாகப் புறப்படுமுன் மனைவியோடு நிகழ்த்திய கடைசி உரையாடல் ஒரு தொழில் முடிவைப் பற்றிய வருத்தமாக அமைந்தது என்பதை நம் உரைகள் போதிய அளவு கவனிக்கவில்லை. ஊழ்வினை என்று சொல்லிக் கடந்துவிட்டால் இந்தப் பாடம் நமக்குக் கிட்டாமற் போகும்.

நம் காப்பியத்தின் பாதி

நம்மவரின் பெருங்காப்பியமாகிய சீறாப்புராணத்துக்கு வருவோம். உமறுப்புலவருக்குக் கிடைத்த கதை, உலக இலக்கியத்தில் அரிதானது. முதலுக்கு உரியவர் ஒரு பெண்மணி. அவர் பொருளைக் கொண்டு ஷாம் நாட்டுக்கு வணிகம் சென்று வருபவர் ஓர் ஆண்மகன். அவரே பின்னர் அப்பெண்மணியின் கணவராகிறார். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அண்ணல் நபி (ஸல்) அவர்களும் முதலில் அறிந்துகொண்டது வணிகத்தின் வழியாகவே. ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு என்னும் இக்கூட்டை நம் சட்ட நூல்கள் முளாரபா என்று அழைக்கும். ஆதாயத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முன்னரே விகிதமாகப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை.

உமறுப்புலவர் இதனை எவ்வாறு கையாண்டார்? பயணத்தை விரித்தார், பாலையின் வெம்மையைப் பாடினார், உடன்சென்ற மைசறாவின் வாயிலாக அண்ணலாரின் நேர்மையை விளக்கினார். கதீஜா நாயகியாரின் உள்ளத்தைப் பாடும்போதோ தமிழ் அகமரபின் காதற் பாடல்களுக்குள் புகுந்துவிட்டார். கனவும் ஏக்கமும் அழகாகவே வந்துள்ளன. ஆனால் ஆள் தேர்ந்து, பங்கு பேசி, திரும்பி வந்த கணக்கைப் பார்த்து, பார்த்தபின் மணத்துக்குத் தாமே முன்வந்த ஒரு வணிகத் தலைவியின் அறிவு, காதலின் ஒளியில் மங்கிவிட்டது. மணம்புரி படலத்துக்குப் பின் அவர்தம் வாணிகம் என்னவாயிற்று என்பதற்குக் காப்பியத்தில் இடமில்லை. இதைக் குறை என்று சொல்வதினும், மரபு புலவருக்கு இட்ட எல்லை என்று சொல்வதே நேர்மை. தலைவியை வணிகராகப் பாடுதற்கு ஒரு துறையை நம் இலக்கணம் வகுத்துத் தரவில்லை.

காப்பியத்தின் குறை இருக்கட்டும். மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் இதே நிகழ்ச்சியைப் பேசும் நாம் என்ன செய்கிறோம்? கதீஜா நாயகி (ரலி) தம் செல்வத்தையெல்லாம் கணவருக்கு ஈந்தார் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஈந்தது உண்மை, அதற்கு ஈடான தியாகம் அரிது. ஆனால் அந்தச் செல்வம் எவ்வாறு ஈட்டப்பட்டது, மனைவியின் செல்வநிலை அந்த இல்லத்தில் ஒருகாலும் உரசலாகாதது எவ்வாறு என்பதைச் சொல்வதில்லை. அவர் மறைந்த பின்னும் அண்ணலார் அவரை நன்றியோடு நினைவுகூர்ந்து வந்தார்கள். மக்கள் உதவாத காலத்தில் அவர் தம் பொருளால் உதவினார் என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். மனைவி இட்ட முதலை அவையறியச் சொல்வது கணவனுக்கு இழுக்கன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

போட்டி என்னும் பொருள்

இக்காலக் கலையில் கணவன் மனைவியின் தொழிற்போட்டியை வெளிப்படையாக எடுத்துக்கொண்ட கதைகள் மிகச் சில. திரைப்படம் நம் இதழின் பொருளன்று. ஆயினும் கதை என்ற அளவில் இரண்டைக் குறிப்பிடலாம்.

கொத்தமங்கலம் சுப்பு தொடர்கதையாக எழுதி, 1968இல் திரைப்படமாக வந்த தில்லானா மோகனாம்பாளில், நாகசுரக் கலைஞனும் நாட்டியக் கலைஞியும் தத்தம் கலையே உயர்ந்தது என்று மோதுகின்றனர். மோதலே காதலாகிறது, பல இடையூறுகளைக் கடந்து திருமணத்தில் முடிகிறது. அருமையான கதைதான். ஆனால் அது எங்கே முடிகிறதோ அங்கேயே நம் வினா தொடங்குகிறது. திருமணத்துக்கு மறுநாள் சபையில் முதலிடம் யாருக்கு? கச்சேரி இரண்டும் ஒரே நாளில் வந்தால் விட்டுக்கொடுப்பது யார்? கதை சொல்லாது.

1973இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய இந்திப் படமாகிய அபிமான் அந்த மறுநாளைத் தொட்டது. புகழ்பெற்ற பாடகன் தன் மனைவியையும் மேடையேற்றுகிறான். அவள் புகழ் தன் புகழை விஞ்சும்போது புழுங்குகிறான். அப்புழுக்கத்தைப் படிப்படியாகக் காட்டிய முறை பாராட்டத்தக்கது. முடிவோ நமக்கு உடன்பாடன்று. மனைவி கருவிலிருந்த மகவை இழந்து, பேச்சற்று உறைந்த பின்னர்தான் கணவனின் பொறாமை கரைகிறது. அதாவது, நோய் கணவனுடையது. மருந்துக்கான விலையை மனைவி கொடுக்கிறாள். பெண்ணின் பெருந்துயரமின்றி ஆணின் மனம் மாறாது என்று கதை கட்டுவது வாசகனை அழவைக்க எளிய வழி. இல்லறத்துக்கு அது வழியன்று.

பொறாமையை இலக்கியவாணரினும் நுட்பமாக ஆராய்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). இஹ்யாவில் அவர் கூறும் கருத்து இது: பொறாமை தொலைவிலுள்ளார்மேல் எழுவதன்று, ஒரே நோக்கத்தை நாடி ஒரே இடத்தில் நெருங்குவோர்க்கிடையே எழுவது. வணிகன் வணிகன்மேற் பொறாமை கொள்வான். செருப்புத் தைப்பவன் செருப்புத் தைப்பவன்மேற் கொள்வான். பிறர் பெற்ற நலம் அழியவேண்டும் என விரும்புவது ஹஸத். அது தனக்கும் கிட்டவேண்டும் என விரும்புவது கிப்தா. முன்னது நோய், பின்னது நோயன்று. இந்த வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால், ஒரே வரிசையில் அமர்ந்து தைக்கும் தம்பதியர்க்கிடையே உரசல் எழுவது அவர்தம் குணக்கேட்டால் மட்டுமன்று, நெருக்கத்தால் என்பது விளங்கும். விளங்கினால் பழி குறையும். பழி குறைந்தால் பேச்சுக்கு இடம் பிறக்கும்.

வெறுங்கை என்னும் புனைவு

திருப்பூரைப் பற்றிய எழுத்துகளுள் நாம் குறிப்பிட விரும்பும் நூல் ஷரத் சாரி எழுதிய ஃபிரட்டர்னல் கேப்பிடல். 2004இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஆராய்ச்சி நூல் அது. சகோதர மூலதனம் என்பது தலைப்பின் பொருள். வேளாண் குடியிற் பிறந்து, கூடங்களில் கூலியாட்களாகத் தொடங்கி, கூட்டாளிகளாகிப் பின் முதலாளிகளானவர்கள் தம் வெற்றிக்குக் காரணம் உழைப்பே என்று ஒரே குரலில் சொல்வதை ஆசிரியர் எடுத்து ஆராய்கிறார். அந்த உழைப்புக் கதை பொய்யன்று. ஆயினும் அது சிலருக்கு மட்டும் ஏணியாயிற்று, பின்னர் பொறிக்கு வந்த பெண்களுக்கு அவ்வாறு ஆகவில்லை என்பதை அவர் காட்டுவது நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுகிறது. துணைத் தலைப்பிலேயே தாமாக உயர்ந்த ஆடவர் என்ற தொடரை அவர் வைத்திருப்பது கருதத்தக்கது.

தொழிலதிபர் வாழ்க்கை வரலாறுகளும் மணிவிழா மலர்களும் இந்த உழைப்புக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. திருப்பூரில் மட்டுமன்று, வாணியம்பாடித் தோல் வணிகத்திலும் கடற்கரைப் பட்டினங்களின் கடல் வணிகத்திலும் நம் சமுதாயத்துப் பெரியவர்களைப் பற்றி எழுதப்படும் மலர்களுக்கும் இலக்கணம் இதுவே. வெறுங்கையோடு வந்தார், இரவு பகல் உழைத்தார், உயர்ந்தார். கடைசிப் பத்தியில் துணைவியார் ஒரு வரியில் வருவார். விருந்தோம்பலில் சிறந்தவர் என்று சொல்லப்படுவார். வெறுங்கை என்கிற அந்தக் கையில் ஒரு பெண்ணின் வளையல் இருந்தது. முதற் பொறி அதனால் வந்தது. முதலாண்டில் கூலியாள் வைக்க முடியாதபோது பிசிறு வெட்டியதும் கைமடித்ததும் அவளே. இவற்றை எழுதினால் பெரியவரின் பெருமை குறைந்துவிடுமோ? குறையாது என்பதை அண்ணலாரின் நன்றியுரையிலிருந்தே கண்டோம்.

பங்கு பேசாத முளாரபா செல்லாது என்று நாம் மதரஸாவில் பாடம் சொல்கிறோம். மனைவியின் நகையை முதலாக்கும்போது மட்டும் பங்கு பேசுவது பாசத்துக்குக் குறைவு என்று எண்ணுகிறோம். நகை கடனா, கொடையா, கூட்டா என்பது சொல்லப்படாமலே அடகுக் கடைக்குச் செல்கிறது. பத்தாண்டுகளுக்குப் பின் மனம் கசக்கும்போது, கடன் என்று அவள் நினைத்திருந்ததும் கொடை என்று அவன் நினைத்திருந்ததும் வெளிப்படுகின்றன. இந்த ஒரு மௌனத்திலிருந்தே ஒரு நாவல் எழுதலாம். சுப்ரபாரதிமணியன் 1998இல் எழுதிய சாயத்திரை, சாயக்கழிவு இந்த மண்ணுக்குச் செய்ததை நாவலாக்கித் திருப்பூரைத் தமிழ் இலக்கியத்தில் நிறுவிற்று. நொய்யலுக்கு ஒரு நாவல் வாய்த்தது போல, அடகுச் சீட்டுக்கும் ஒன்று வாய்க்கவேண்டும்.

நம் இதழ்களின் சிறுகதைகள்

பிறரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாதிருத்தல் முறையன்று. நம் சமுதாய இதழ்களில் வரும் சிறுகதைகளை நாம் நெடுநாளாகப் படித்து வருகிறோம். மனைவி வேலைக்குச் செல்லும் கதை எனில் அதற்கு இரண்டே அச்சுகள். ஒன்றில், அவள் சம்பாதிக்கத் தொடங்கியதும் செருக்குக் கொள்கிறாள், பிள்ளை நோயுறுகிறது, அவள் கண்ணீரோடு வேலையை விடுகிறாள். மற்றொன்றில், கணவன் குடியனாகவோ ஊதாரியாகவோ இருக்கிறான். அவள் தையற்பொறியால் குடும்பத்தைக் காக்கிறாள். முதற்கதையில் அவள் உழைப்பு குற்றம். இரண்டாவதில் அவன் குற்றத்துக்கு அவள் உழைப்பு பரிகாரம். இருவரும் நல்லவர்கள், இருவரும் உழைப்பவர்கள், ஆயினும் இருவர் தொழிலும் மோதுகின்றன என்ற மூன்றாம் கதை எழுதப்படவே இல்லை எனலாம். வாழ்க்கையிலோ அந்த மூன்றாம் கதைதான் மிகுதி. தீயவன் ஒருவனைப் படைத்துக்கொண்டால் எழுத்தாளனுக்கு வேலை எளிது. நல்லவர் இருவரிடையே நியாயம் காண்பதே அரிது.

அந்த மூன்றாம் கதைக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. புகாரியில் பதிவாகியுள்ள அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கதையாகப் படித்துப் பார்ப்போம். கணவர் ஸுபைர் (ரலி) வறியவர். தொலைவிலிருந்த அவர் நிலத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையிற் சுமந்து வருவது அஸ்மா (ரலி) அவர்களின் அன்றாடப் பணி. ஒருநாள் வழியில் அண்ணலார் (ஸல்) கண்டு, தம் ஒட்டகத்தில் ஏற்றிக்கொள்ள முன்வருகிறார்கள். ஆடவர் கூட்டத்தோடு செல்ல அவர் நாணுகிறார், தம் கணவரின் ரோஷ உணர்வையும் நினைக்கிறார், ஏறவில்லை. வீடு திரும்பி நடந்ததை அப்படியே கணவரிடம் சொல்கிறார். நீ ஏறி வருவதைவிடக் கொட்டை சுமந்து வருவதே எனக்கு மிகக் கடினமாக இருக்கிறது என்ற கருத்துப்பட ஸுபைர் (ரலி) மறுமொழி கூறுகிறார். பின்னர் தந்தை அபூபக்ர் (ரலி) ஒரு பணியாளை அனுப்ப, அஸ்மா (ரலி) அவர்களின் சுமை குறைகிறது. விடுதலை பெற்றதுபோல் உணர்ந்ததாக அவரே கூறுகிறார்.

எத்துணைச் சிறிய கதை. எத்துணை நிறைவான அமைப்பு! கணவனின் உணர்வுக்கு மனைவி பெயர் இட்டாள். அதை மறைக்காமல் அவனிடமே சொன்னாள். கணவன் தன் ரோஷத்தைத் தானே அளந்து, அவள் படும் பாட்டுக்குப் பின்னால் வைத்தான். அத்தோடு முடியவில்லை, நல்ல சொல்லால் மட்டும் சுமை குறையாது என்பதால் குடும்பம் ஓர் ஆளை அனுப்பிற்று. உணர்வைப் பேசுதல், வேலையைப் பகிர்தல் என்னும் இரண்டும் சேர்ந்தே தீர்வாயின. இதில் எவரும் வில்லன் அல்லர், எவரும் அழிந்துபோகவில்லை.

இன்னொரு வரலாறு. கைத்தொழில் வல்லவராகிய ஸைனப் (ரலி), தம் கணவர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கும் தம் பொறுப்பிலிருந்த அனாதைகளுக்கும் செலவிட்டு வந்தார். இது தர்மமாகுமா என்று கேட்க அண்ணலாரின் வாயிலுக்குச் சென்று, உள்ளே சென்ற பிலால் (ரலி) அவர்களிடம், தாம் இன்னார் என்று சொல்லவேண்டா எனக் கேட்டுக்கொண்டார். விடை, இரட்டை நன்மை உண்டு என்பது. மனைவியின் கையால் உண்டதால் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மதிப்பு குறைந்ததா? திருமறைக் கல்வியில் அவர் பெயர் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது.

ஓர் இல்லத்தில் நடந்தது

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பம், பெயர் வேண்டா. இருவரும் ஒரே கூடத்தில் டைலர்கள். மனைவியை வரிசைக்கு மேற்பார்வையாளராக்க நிறுவனம் முன்வந்தது. அந்த வரிசையில் கணவரும் ஒருவர். இருவரும் நம்மிடம் வந்தனர். "ஹஸ்ரத், பெண்சாதி அதிகாரத்துக்குக் கீழே புருஷன் வேலை செய்யலாமா? மார்க்கத்தில் ஆகுமா?" என்றார் கணவர். இதுவரை யாருக்குக் கீழே வேலை செய்தீர் என்று வினவினோம். தம்மிலும் இளையவர் ஒருவருக்குக் கீழே என்றார். அவர் கேட்டது சட்டம். அவர் மனத்தில் இருந்தது மானம்.

அதுவரை பேசாதிருந்த அப்பெண்மணி சொன்னது நம் செவியில் இன்னும் உள்ளது: "இவருக்கு வேண்டாமென்றால் எனக்கும் வேண்டாம், ஹஸ்ரத். ஆனால் நானே வேண்டாமென்று சொன்னதாக ஊரில் சொல்லக்கூடாது. இவர் சொன்னதாகவே சொல்லட்டும்."

இந்த ஒரு சொல்லில் இருக்கும் இலக்கியம் நம் நூறு சிறுகதைகளில் இல்லை. விட்டுக்கொடுக்க அவள் தயார். விட்டுக்கொடுத்ததன் கணக்கு அழிக்கப்படுவதற்குத் தயாரில்லை. கணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அவரே ஒரு வழி சொன்னார்: அவர் வேறு வரிசைக்கு மாறுவது, அவள் ஆறு மாதம் அப்பணியைப் பார்ப்பது, அதன்பின் இருவரும் மீண்டும் பேசுவது. ஆறு மாதம் கழிந்தது, பணி தொடர்கிறது. எல்லாம் இனித்துவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் பேச்சு நிற்கவில்லை.

ஒரு மறுப்புக்கு விடை

ஆடவர் பெண்டிரை நிர்வகிப்போர் என்று திருமறை சொல்லவில்லையா என்று வாசகர் கேட்கக்கூடும். அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் அது. அந்தப் பொறுப்புக்குக் காரணங்களுள் ஒன்றாக ஆடவர் தம் பொருளைச் செலவிடுவதை அவ்வசனமே கூறுகிறது. அது சுமக்கவேண்டிய கடமை. காட்டிக்கொள்ளும் பட்டம் அன்று. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன், 32ஆம் வசனம், இறைவன் சிலரைவிடச் சிலருக்கு அருளியதன்மேல் ஆசை வைக்காதீர் என எச்சரித்து, ஆடவர் ஈட்டியதில் ஆடவர்க்குப் பங்கும் பெண்டிர் ஈட்டியதில் பெண்டிர்க்குப் பங்கும் உண்டு என்று அறிவிக்கிறது. முஃபஸ்ஸிர்கள் பலர் இதனை மறுமைப் பயன் பற்றியதாகவும் வாரிசுரிமை பற்றியதாகவும் கொள்வர் என்பதை மறைக்கமாட்டோம். ஆயினும் இக்திஸாப் என்னும் ஒரே வினை இருபாலார்க்கும் வேற்றுமையின்றி ஆளப்பட்டிருப்பது அறபு கற்றோர் கண்ணுக்குத் தப்பாது. மனைவியின் பொருள் மனைவியுடையதே என்பதை நம் மத்ஹபுகள் ஏற்கின்றன. கணவன் இயலாதவனாகி மனைவி செல்வராயிருப்பின் அவள் அவனுக்குச் செலவிடுதல் கடமை என்று சொல்லும் அளவுக்கு இப்னு ஹஸ்ம் (ரஹ்) சென்றார். பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை எனினும், இவ்வினாவை நம் முன்னோர் வெளிப்படையாக வாதித்தனர் என்பதற்கு அது சான்று. மழலையின் பால்குடியை நிறுத்தும் சிறிய முடிவையும் தம்பதியர் இருவரும் பொருந்தி, கலந்தாலோசித்து எடுக்கலாம் என்று அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் வழிகாட்டுகிறது. பால் நிறுத்த ஆலோசனை வேண்டுமாயின், ஊர் மாறவும் வேலை விடவும் ஆலோசனை வேண்டாவோ?

எழுதுவோர்க்கு

ஆகவே நம் எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவன சில. பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால், முதல் யார் இட்டது என்று கேட்டு எழுதுங்கள். வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பற்றிக் கதை எழுதினால், பிள்ளையின் காய்ச்சலைத் தண்டனையாக்காதீர்கள்; அந்தக் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தது யார் என்பதை எழுதுங்கள். கணவனின் புழுக்கத்தை எழுத அஞ்சாதீர்கள். அவனைத் தீயவனாக்காமல் எழுதுங்கள். பேசித் தீர்த்த கதை சுவையற்றது என்று எண்ணாதீர்கள். இருவர் ஓர் இரவு முழுவதும் அமர்ந்து ஒரு முடிவுக்கு வருவது, இருவர் பிரிவதினும் கடினமானது. கடினமான எதுவும் கதைக்கு உதவும்.

ஓவர்லாக் பொறியின் முன் அமர்ந்திருக்கும் சகோதரிகளுள் நம் இதழைப் படிப்போர் இருக்கிறீர்கள். உங்கள் கதையைப் பிறர் எழுதும்வரை காத்திராதீர்கள். சொற்கள் செப்பமாக அமையவில்லையே என்று தயங்கவும் வேண்டா. எழுத்தைத் திருத்தித்தர ஆசிரியர்கள் உளர். உங்கள் வீட்டாரோடு பேசி, அவர்தம் உடன்பாட்டோடு எழுதுங்கள். அவ்வாறு எழுதப்படும் முதற் கதையைப் படித்துக் கருத்துரைக்கும் வாய்ப்பை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.